தோற்கத் தொடங்கினால் விலகிவிட வேண்டுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேட்மிண்டனைப் பற்றித்தான். அதிலும் சுற்றிச் சுற்றி ஒரே விஷயம்: வயதாகிக்கொண்டு வரும் சாம்பியன்கள் எப்போது ஓய்வு பெற வேண்டும்? இதில் எனக்கும் சொல்ல நிறைய இருப்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): பி.வி.சிந்து இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வாங்கிவிட்டார், உலக சாம்பியனும் ஆகிவிட்டார். அவர் முதல் சுற்றிலும் இரண்டாம் சுற்றிலும் தோற்று வெளியேறுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது சார். பேரும் புகழும் இருக்கும்போதே விலகிவிடுவதுதானே மரியாதை?

பதில்: பார்க்கக் கஷ்டமாக இருப்பது உங்களுக்கும் எனக்கும். அதற்காக அவர் ஏன் விலக வேண்டும்?

"உச்சத்தில் இருக்கும்போதே விலகு" என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் உச்சம் எது என்பது அது கடந்து போன பிறகுதான் தெரிகிறது. 2019 ஆகஸ்ட் 25-ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவை 21-7, 21-7 என்று சிந்து நொறுக்கினார். இத்தனைக்கும் 2017-இல் கிளாஸ்கோவில் அதே ஒகுஹாராவிடம்தான் மாரத்தான் போல நீண்ட ஒரு இறுதி ஆட்டத்தில் தோற்றிருந்தார். சிந்துவின் வாழ்க்கையில் அதைவிடச் சிறந்த ஆட்டம் ஒன்று உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். அன்று அவருக்கு வயது 24. உங்கள் கணக்குப்படி மேடையிலிருந்து இறங்கிய கையோடு பேட்டை வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். போயிருந்தால் டோக்கியோ வெண்கலம் இல்லை, 2022 சிங்கப்பூர் ஓப்பன் இல்லை, அதே ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் தங்கமும் இல்லை.

அந்தத் தங்கத்தை அவர் காலில் எலும்பு விரிசலோடு ஆடித்தான் வாங்கினார். அதற்குப் பிறகு பல மாதம் களத்துக்கே வர முடியவில்லை. 2023 முழுக்க ஒரு பட்டம் கிடையாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் காலிறுதிக்கு முந்தைய சுற்றிலேயே சீனாவின் ஹீ பிங்ஜியாவிடம் தோற்றார். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று பலரும் எழுதினார்கள். அந்த டிசம்பரில் லக்னோவில் சையத் மோடி பட்டத்தை வென்றார். சின்னப் போட்டிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2025 உலக சாம்பியன்ஷிப்பில் அதே பாரிஸ் நகரில் சீனாவின் வாங் ஜியியை நேர் செட்டில் வீழ்த்திக் காலிறுதிக்குப் போனாரே, அது சின்ன விஷயம் இல்லை. வாங் அப்போது உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தவர்.

இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2019 தொடக்கத்தில் சீனாவின் லின் டான் அடுத்தடுத்துத் தோற்றுக்கொண்டிருந்தபோது, இரண்டு ஒலிம்பிக் தங்கமும் ஐந்து உலகப் பட்டமும் பேட்மிண்டனின் பழம்பெரும் போட்டியான ஆல் இங்கிலாந்தில் ஆறு பட்டமும் வாங்கிய மனிதர் இப்படி யார் யாரிடமோ தோற்கலாமா, போதும் என்று இதே பகுதியில் ஒரு பதில் எழுதினேன். அந்த ஏப்ரலில் அவர் மலேசிய ஓப்பனை ஜெயித்தார். இறுதி ஆட்டத்தில் முதல் செட்டை 9-21 என்று பறிகொடுத்த பிறகு, தன்னைவிட ஐந்து வயது இளையவரான, ரியோ ஒலிம்பிக் சாம்பியன் சென் லாங்கைத் தோற்கடித்தார். 35 வயதில். அன்று இரவு தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில் பாதி, நான் எழுதியதை நினைத்து மீதி. அதற்குப் பிறகு அவர் அப்படி ஒரு பெரிய பட்டம் வெல்லவில்லை, 2020 ஜூலையில் 36 வயதில் விலகிவிட்டார் என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு ஏப்ரல் வாரத்தை அவரிடமிருந்து பறிக்கச் சொல்லி நான் எழுதியிருந்தேன். அதிலிருந்து எந்த விளையாட்டு வீரரையும் "விலகு" என்று எழுதுவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டேன்.

இன்னும் பழைய கதை வேண்டுமானால் இந்தோனேசியாவின் ரூடி ஹர்தோனோ. ஆல் இங்கிலாந்தை எட்டு முறை வென்றவர். கிட்டத்தட்ட ஒதுங்கியே போயிருந்தவரை 1980-இல் ஜகார்த்தாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்புக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள். தன் நாட்டின் இளம் நட்சத்திரம் லியம் ஸ்வீ கிங்கையே இறுதி ஆட்டத்தில் வீழ்த்தி, அதுவரை தன்னிடம் இல்லாத அந்த ஒரு பட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனார். அதே 1980-இல் சில வாரங்களுக்கு முன் ஆல் இங்கிலாந்து இறுதியில் இதே லியம் ஸ்வீ கிங்கைத் தோற்கடித்தவர் நம் பிரகாஷ் படுகோன் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 30 வயது ஹர்தோனோ செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

கேள்வி (திருச்சி வாசகி): டென்னிஸில் ஃபெடரர் 36 வயதில் ஆஸ்திரேலிய ஓப்பன் ஜெயித்தார். ஜோகோவிச் 37 வயதில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். பேட்மிண்டனில் மட்டும் 30 தாண்டினாலே ஏன் கிழவர் என்கிறார்கள்? கோர்ட் சின்னதுதானே?

பதில்: நல்ல கேள்வி. கோர்ட் சின்னது என்பதுதான் பிரச்சினையே.

முதலில் சர்வீஸைப் பாருங்கள். டென்னிஸில் நல்ல சர்வீஸ் உள்ள ஒருவர் ஓடாமலே புள்ளி எடுக்கலாம். வயதான காலத்தில் ஃபெடரருக்குக் கைகொடுத்ததில் பெரிய பங்கு அதற்கு உண்டு. பேட்மிண்டனில் அந்த வசதியே கிடையாது. தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே வைத்துத்தான் ஷட்டிலை அடிக்க வேண்டும், அதுவும் கீழிருந்து மேலாக. அதனால் சர்வீஸ் போட்டதும் ஓட்டம் தொடங்கிவிடும், ஒவ்வொரு புள்ளிக்கும் உழைத்தாக வேண்டும்.

அப்புறம் கால். ஒற்றையரில் வீரர் நேராக ஓடுவதே இல்லை. பின்னால் துள்ளி ஸ்மாஷ் அடித்து இறங்குகிறார், இறங்கிய வேகத்திலேயே எதிர் மூலையில் நெட்டுக்கு அருகே விழும் டிராப்பை எடுக்க முன்னங்காலை நீட்டிப் பாய்கிறார், அங்கே சட்டென்று நின்று, மறுபடி பின்னால் திரும்புகிறார். ஒரு ராலியில் இப்படிப் பத்து இருபது முறை. ஓடுவதைவிட இந்த "சட்டென்று நிற்பது"தான் மூட்டைத் தின்கிறது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று மொத்த எடையும் ஒரே காலில் இறங்குகிறது. பந்தைப் போல ஷட்டில் தரையில் பட்டு எழும்பாது, விழுவதற்குள் எடுத்தாக வேண்டும். எனவே கால் ஒரு கணம் தாமதித்தால் கை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் பயன் இல்லை.

மூன்றாவதாக ஓய்வு. செவ்வாய்க்கிழமை தொடங்கும் போட்டி ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. இறுதிவரை போனால் ஆறு நாளில் ஐந்து ஆட்டம். அடுத்த செவ்வாய் இன்னொரு நாட்டில். 22 வயதில் ஒரு நீண்ட ஆட்டம் முடிந்து தூங்கி எழுந்தால் உடம்பு தயார். 32 வயதில் முதல் நாள் ஆட்டத்தை ஜெயித்துவிடுகிறார்கள், ஆனால் மறுநாள் கால் ஓடுவதில்லை. பெரிய பெயர்கள் கத்துக்குட்டிகளிடம் தோற்பதைக் கவனியுங்கள், முந்தைய நாள் அவர்கள் மூன்று செட் ஆடியிருப்பார்கள்.

"சரி, போட்டிகளைக் குறைத்துக்கொண்டு முக்கியமானதை மட்டும் ஆடலாமே?" என்று உங்களுக்குத் தோன்றும். ஃபெடரர் செய்தது அதுதான். பேட்மிண்டனில் அதற்கும் வழி சரியாக இல்லை. ஒற்றையர் தரவரிசையில் முதல் 15 இடங்களுக்குள் இருப்பவர்கள் வருடத்துக்குப் பன்னிரண்டு போட்டிகளில் ஆடியே ஆக வேண்டும் என்று உலகக் கூட்டமைப்பு விதி வைத்திருக்கிறது. போட்டிகளின் தரப்படி மேலிருந்து கீழாக நான்கு சூப்பர் 1000, ஆறு சூப்பர் 750, இரண்டு சூப்பர் 500. தக்க காரணம் இல்லாமல் தவிர்த்தால் அபராதம். என் அபிப்பிராயத்தில் வயதான சாம்பியன்களை விரட்டுவது இளைஞர்களைவிட இந்த அட்டவணைதான். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த எண்ணிக்கையைக் குறைத்தால் இன்னும் இரண்டு வருடம் கூடுதலாக அவர்களைப் பார்க்கலாம். யாராவது இதைப் பேசினால் நன்றாக இருக்கும்.

இரட்டையர் கதை வேறு. பாதி கோர்ட்டைத் துணைவர் பார்த்துக்கொள்வார், முன்னால் நின்று ஆடுபவருக்குக் காலைவிடக் கண்ணும் மூளையும் முக்கியம். மறுபடி பாசெல், மறுபடி 2019 ஆகஸ்ட் 25. சிந்து ஜெயித்த அதே நாள், அதே அரங்கம். ஆண்கள் இரட்டையரில் இந்தோனேசியாவின் ஹெந்த்ரா செத்தியவானும் முகமது அஹ்சானும் உலக சாம்பியன் ஆனார்கள். அன்றுதான் ஹெந்த்ராவுக்கு 35-ஆவது பிறந்தநாள். ரசிகர்கள் இந்த ஜோடியை "டாடிஸ்" என்று கூப்பிடுவார்கள். ஆண்கள் ஒற்றையரில் அன்று பட்டம் வென்றவர் ஜப்பானின் கென்டோ மொமோடா, இன்னும் 25 முடியவில்லை. அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த யாரிடமாவது "இவர்களில் யார் முதலில் விலகுவார்?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? மொமோடா 2024-இல் சர்வதேச ஆட்டத்தை விட்டார். ஹெந்த்ரா 2025 ஜனவரி வரை ஆடினார், நாற்பது வயதில், ஜகார்த்தாவில் தன் சொந்த ஜனங்களுக்கு முன்னால் விடைபெற்றார்.

கேள்வி (சேலம் வாசகர்): மொமோடா 29 வயதில் விலகியது அவசரம் இல்லையா? இன்னும் ஒரு ஒலிம்பிக் காத்திருந்திருக்கலாமே?

பதில்: 2019-இல் அந்தப் பையன் ஒரே ஆண்டில் 11 பட்டம் வென்றார். 2020 ஜனவரியில் மலேசியா மாஸ்டர்ஸையும் வென்றுவிட்டு மறுநாள் விடியற்காலை விமான நிலையத்துக்குப் போன வேன் லாரியில் மோதியது. ஓட்டுநர் இறந்துபோனார். மொமோடாவுக்குக் கண்குழி எலும்பு உடைந்து அறுவை சிகிச்சை நடந்தது, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஷட்டிலைக் கண்ணால் தொடர்ந்துதான் அவர் ஆட்டமே. அதன் பிறகும் நான்கு வருடம் முயற்சி செய்து பார்த்தார். உலகத்தின் முதல் இடத்தை மறுபடி நோக்கிப் போகத் தன் உடலும் மனமும் ஒத்துழைக்கவில்லை என்று அவரே சொல்லி விலகினார். இதில் அவசரம் எங்கே இருக்கிறது? நான்கு வருடம் தினமும் காலையில் எழுந்து, நேற்றைய தன்னோடு ஒப்பிட்டுத் தோற்பது எவ்வளவு பெரிய பாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி (சென்னை, வேளச்சேரி வாசகி): சாய்னா நேவால் ஏன் ஒரு பெரிய விடைபெறும் போட்டி ஆடவில்லை? நான் ஷட்டில் விளையாட ஆரம்பித்ததே அவரைப் பார்த்துத்தான். அவருக்காக ஸ்டேடியத்தில் எழுந்து நின்று கைதட்ட வேண்டும் என்று ஆசை இருந்தது.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்கும் அதே ஆசை இருந்தது.

லண்டன் வெண்கலத்தோடு 2012-இல் இந்தியாவுக்கு பேட்மிண்டனில் முதல் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தவர், 2015-இல் உலகத்தின் முதல் இடத்தைப் பிடித்தவர். 2016 ரியோவில் முழங்கால் வீங்கிய நிலையில் தோற்று, திரும்பி வந்ததும் அறுவை சிகிச்சைக்குப் போனார். அத்தோடு முடிந்தது என்றார்கள். 2017-இல் உலக சாம்பியன்ஷிப் வெண்கலம். 2018 காமன்வெல்த் இறுதியில் சிந்துவையே 21-18, 23-21 என்று தோற்கடித்துத் தங்கம்.

அவருடைய கடைசிப் பட்டம் 2019 ஜனவரியில் இந்தோனேசியா மாஸ்டர்ஸ். அந்த இறுதி ஆட்டத்தை என்னால் மறக்க முடியாது. எதிரே ஸ்பெயினின் கரோலினா மரின், 10-4 என்று முன்னிலையில் இருந்தவர், துள்ளி இறங்கும்போது வலது முழங்கால் ஜவ்வு கிழிந்து விழுந்தார். அழுதுகொண்டே எழுந்து ஆடப் பார்த்தார், முடியவில்லை. பட்டம் சாய்னாவுக்கு. அன்று சாய்னாவின் முகத்தில் சந்தோஷமே இல்லை. அவருடைய மூட்டும் உள்ளே தேய்ந்துகொண்டுதான் இருந்தது.

2023 ஜூனில் சிங்கப்பூர் ஓப்பன் ஆடினார், அப்புறம் களத்துக்கு வரவில்லை. 2024-இல்தான் வெளியே சொன்னார்: மூட்டுவாதம் வந்துவிட்டது, குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, எட்டு ஒன்பது மணி நேரம் பயிற்சி செய்ய முடியவில்லை, இரண்டு மணி நேரப் பயிற்சியை வைத்துக்கொண்டு உலகத்தின் மேல்மட்ட ஆட்களோடு ஆட முடியாது என்று. விடைபெறும் போட்டி ஆடுவதற்குக் கூட ஒரு மூட்டு வேண்டுமே அம்மா. அது அவரிடம் இல்லை. நம் சங்கங்கள் ஒரு விழாவாவது எடுத்து, ஒரு அரங்கம் நிறைய ஜனங்களை நிற்கவைத்துக் கைதட்டச் சொல்லலாம், பேட் கையில் இல்லாவிட்டால் என்ன. அதற்கு அவர் கேட்கத் தேவையில்லை, நாம்தான் செய்ய வேண்டும்.

மரின் என்ன ஆனார் என்றும் சொல்லிவிடுகிறேன். எட்டே மாதத்தில் திரும்பி வந்து சீனா ஓப்பனை ஜெயித்தார். 2021-இல் இடது முழங்கால் போய் டோக்கியோ ஒலிம்பிக்கைத் தவறவிட்டார். மறுபடி எழுந்து வந்து 2024 பாரிஸில் அரையிறுதி. ஹீ பிங்ஜியாவுக்கு எதிராக முதல் செட் அவருக்கு, இரண்டாவதிலும் முன்னிலை, வலது முழங்கால் திரும்பவும் போய்விட்டது. 31 வயது. முழங்காலில் கவசம் போட்டுக்கொண்டு இரண்டு புள்ளி ஆடிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதக்க மேடையில் ஹீ பிங்ஜியா கையில் ஸ்பெயின் நாட்டின் சின்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மரின் அதற்கு முன்பே விலகியிருக்க வேண்டும் என்று எனக்கு வந்த ஒரு கடிதம் சொல்கிறது. தங்கத்துக்கு இரண்டு ஆட்டம் பாக்கி இருக்கும்போது, ஜெயித்துக்கொண்டிருக்கும்போது அடிபட்டவரை எந்தக் கணக்கில் முன்பே விலகச் சொல்வது?

கேள்வி (ஈரோடு, ஒரு பயிற்சியாளர்): நீங்கள் எல்லோரும் சாம்பியன்களுக்காக உருகுகிறீர்கள். நான் 17 வயதுப் பிள்ளைகளுக்குக் கோச்சிங் கொடுக்கிறேன். சீனியர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் இவர்கள் எப்போது மேலே வருவது?

பதில்: கோபம் நியாயமானது. ஆனால் அதைத் திருப்ப வேண்டிய இடம் வேறு என்று நினைக்கிறேன்.

ஆடுவதா வேண்டாமா என்பது வீரரின் உரிமை. அணியில் எடுப்பதா வேண்டாமா என்பது தேர்வுக்குழுவின் கடமை. இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தேர்வுக்குழு பழைய பதக்கத்தைப் பார்த்து ஒருவரை எடுத்தால் தப்பு தேர்வுக்குழுவின் மேல்தான், அந்த வீரர் பேட்டைக் கீழே வைக்கவில்லையே என்று அவரைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை. தனிநபர் போட்டிகளில் அந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது. கடந்த 52 வாரங்களில் ஆடியதில் சிறந்த பத்து முடிவுகளை வைத்துத்தான் தரவரிசை. இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய பட்டம் அதில் ஒரு புள்ளிகூடச் சேர்க்காது. தோற்றுக்கொண்டே இருந்தால் தானாகவே கீழே இறங்கி, தகுதிச் சுற்றில் போய் நிற்க வேண்டியதுதான். 2018-இல் உலகின் முதல் இடத்தில் இருந்த இந்தியாவின் ஸ்ரீகாந்த் அப்படித்தான் 2025-இல் மலேசியா மாஸ்டர்ஸில் தகுதிச் சுற்றிலிருந்து ஆடினார். கௌரவம் பார்க்கவில்லை. 32 வயதில் அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி இறுதி ஆட்டம் வரை போய்விட்டார். அதில் யாருடைய இடத்தைப் பறித்தார், சொல்லுங்கள்.

உண்மையில் நெருக்கடி ஒலிம்பிக்கில்தான். ஒரு நாட்டுக்கு ஒற்றையரில் அதிகபட்சம் இரண்டே பேர், அதுவும் இருவரும் முதல் 16 இடத்துக்குள் இருந்தால். அங்கே கடுமையாக இருக்க வேண்டும், மனம் இரங்கவே கூடாது, இதில் நானும் உங்கள் பக்கம்தான்.

சீனியரை வைத்துக்கொண்டே இளையவரை வளர்க்கவும் முடியும். நம் இரட்டையர் வீராங்கனை அஸ்வினி பொன்னப்பாவைப் பாருங்கள். ஜ்வாலா கட்டாவோடு சேர்ந்து 2011-இல் உலக சாம்பியன்ஷிப் வெண்கலம் வாங்கியவர். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, தன்னைவிட 13 வயதுக்கும் மேல் இளையவரான தனிஷா கிராஸ்டோவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு பாரிஸ் ஒலிம்பிக் வரை போனார். அங்கே எல்லா ஆட்டமும் தோல்வி. இதுதான் என் கடைசி ஒலிம்பிக் என்று சொல்லி அழுதார். ஆனால் தனிஷா 21 வயதிலேயே ஒரு ஒலிம்பிக் பார்த்துவிட்டாரே.

இன்னொன்றும் உண்டு. பெரியவரைத் தோற்கடிக்கிற வாய்ப்பு இளையவருக்கு வேண்டாமா? 2004 ஒலிம்பிக் சாம்பியன் தௌஃபிக் ஹிதாயத் 2013 ஜூனில் தன் சொந்த ஊரான ஜகார்த்தாவில்... மன்னிக்கவும், அவர் பிறந்தது பாண்டுங், ஆனால் இந்தோனேசியா ஓப்பன் நடக்கும் செனயான் அரங்கம்தான் அவருக்கு வீடு. அங்கே தன் கடைசிப் போட்டியை ஆட வந்தார். முதல் சுற்றிலேயே அவரைத் தோற்கடித்தது 20 வயது சாய் பிரணீத், நம் ஹைதராபாத் பையன். முதல் செட்டை விட்டுவிட்டு அடுத்த இரண்டையும் எடுத்தார். இருவருக்கும் பிறந்தநாள் ஒன்றே, ஆகஸ்ட் 10, பதினோரு வருட இடைவெளியில். தௌஃபிக் ஒரு வாரம் முன்பே பத்திரிகையாளர்களைக் கூட்டி விலகியிருந்தால் அந்தப் பையனுக்கு அந்த நாள் கிடைத்திருக்காது. அதே பிரணீத்தான் 2019 பாசெலில் வெண்கலம் வாங்கினார். 1983-இல் பிரகாஷ் படுகோன் வாங்கியதற்குப் பிறகு, 36 வருடம் கழித்து, ஆண்கள் ஒற்றையரில் இந்தியாவுக்குக் கிடைத்த உலக சாம்பியன்ஷிப் பதக்கம் அது. 2024-இல் 31 வயதில் அவரும் விலகி அமெரிக்காவுக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டார்.

உங்கள் பிள்ளைகளில் ஒருவர் நாளைக்கு ஸ்ரீகாந்தை ஏதோ ஒரு ஊரில் முதல் சுற்றில் சந்திக்கலாம். சந்திக்கட்டும்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): மலேசியாவின் லீ சோங் வெய் ரியோவோடு நிறுத்தியிருந்தால் கௌரவமாக இருந்திருக்குமே?

பதில்: மூன்று ஒலிம்பிக் இறுதி ஆட்டம், மூன்றிலும் வெள்ளி. ரியோ அரையிறுதியில் லின் டானைத் தோற்கடித்துவிட்டு இறுதியில் சென் லாங்கிடம் தோற்றார். வயது 33. அங்கேயே நிறுத்தியிருந்தால் 2017-இல் அவர் நான்காவது முறையாக ஆல் இங்கிலாந்து வென்றதும், 2018-இல் கோலாலம்பூரில் மொமோடாவை வீழ்த்திப் பன்னிரண்டாவது முறையாக மலேசிய ஓப்பன் வென்றதும் நடந்திருக்காது. அந்தக் கடைசிப் பட்டத்துக்குப் பிறகு சில வாரத்தில் மூக்கில் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை எடுத்து, டோக்கியோவுக்குப் போயே தீருவேன் என்று மறுபடி பயிற்சிக்கு வந்தவரை மருத்துவர்கள் வேண்டாம் என்றார்கள். 2019 ஜூனில் அழுதுகொண்டே அறிவித்தார். டாக்டர் வேண்டாம் என்றால் கேட்க வேண்டும், அதில் மட்டும் பேச்சே இல்லை.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): நான் சாம்பியன் எல்லாம் இல்லை, வயது 52. இருபது வருடமாகத் தினமும் காலையில் ஷட்டில் ஆடுகிறேன். இப்போது முழங்கால் வலிக்கிறது. வீட்டில் நிறுத்தச் சொல்கிறார்கள். நான் எப்போது ஓய்வு பெறுவது?

பதில்: நானும் தினமும் ஆடுகிறவன்தான், உங்களைவிட இரண்டு வயது மூத்தவன், இடது முழங்கால் எனக்கும் அப்படித்தான். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வலி தசையிலா, ஜவ்விலா, மூட்டுத் தேய்மானமா என்று தெரியாமல் எண்ணெய் தடவிக்கொண்டு ஆடாதீர்கள். அப்படியே இதயத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஹெந்த்ராவோடு சேர்ந்து 2008-இல் பீஜிங் ஒலிம்பிக் தங்கம் வென்ற மார்கிஸ் கிடோ 2021 ஜூனில் நண்பர்களோடு ஷட்டில் ஆடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்துபோனார், வயது 36-தான். உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நம் வயதில் பலரும் படுக்கையிலிருந்து எழுந்து நேராகக் கோர்ட்டுக்குப் போய் முதல் பந்திலேயே ஸ்மாஷ் அடிக்கிறோம், அதை நிறுத்த வேண்டும். பதினைந்து நிமிடம் உடம்பைச் சூடாக்காமல் பேட்டைத் தொடாதீர்கள்.

ஒற்றையரை விட்டுவிடுங்கள். நான் 44 வயதில் விட்டேன், ஆறு மாதம் மனசு கேட்கவில்லை, அப்புறம் பழகிவிட்டது. இரட்டையரில் முன்னால் நின்று நெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் துள்ளி அடிக்கிற வேலையை உங்கள் குழுவில் இருக்கிற சின்னப் பசங்களுக்குக் கொடுங்கள். சிமென்ட் தரையில் ஆடுகிறீர்கள் என்றால் மரத்தரையோ மேட்டோ போட்ட கோர்ட்டுக்கு மாறுங்கள், மாதம் கொஞ்சம் கூடச் செலவானாலும் பரவாயில்லை. ஓடுவதற்குப் போடுகிற ஷூவைப் போட்டு ஆடாதீர்கள், அதன் குதிகால் உயரம், பக்கவாட்டில் பாயும்போது கணுக்கால் மடங்கிவிடும். பேட்மிண்டனுக்கென்றே விற்கிற தட்டையான ஷூ வாங்குங்கள். வாரத்தில் ஏழு நாளும் வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், இடைப்பட்ட நாளில் தொடைத் தசைக்குப் பயிற்சி செய்யுங்கள். தொடை பலமாக இருந்தால் முழங்காலுக்குப் பாரம் குறையும் என்று என் மருத்துவர் சொல்லித்தான் நான் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் கேட்டால் உலக சீனியர் சாம்பியன்ஷிப் 35 வயதில் தொடங்கி ஐந்தைந்து வயதுப் பிரிவாக 75 வயதையும் தாண்டி நடக்கிறது என்று சொல்லுங்கள். மருத்துவர் சரி என்றால் திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போங்கள், அந்தப் புது ஷூவோடு.